கணினி உண்டு, கைகொடுப்பார் யார்? – பொது நூலகப் பணியாளரின் பயிற்சி குறித்து

1

இலங்கையில் நூலகங்களைப் பற்றிப் பேசப்படும்போதெல்லாம் மூன்று பொருள்களே பெரும்பாலும் முன்வைக்கப்படுகின்றன: கட்டடம், நூற்றொகை, அண்மைக் காலத்திற் கணினி. நான்காவதாக ஒன்று உண்டு. அது நூலகத்தின் வாயிலருகே அமர்ந்திருக்கும் மனிதர். அவர் எத்தகைய பயிற்சி பெற்றவர், தம்மை நாடி வருபவருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க அவருக்கு அனுமதியுண்டு, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள அவருக்கு வாய்ப்பு அளிக்கப்பட்டுள்ளதா என்ற வினாக்கள் உள்ளூராட்சிச் சபைகளின் வரவு செலவுத் திட்ட விவாதங்களில் எழுவது அரிது. கட்டடத்தைத் திறந்து வைக்கலாம். கணினியைக் கையளித்துப் படமெடுத்துக் கொள்ளலாம். பணியாளர் ஒருவரின் பயிற்சிக்கு நாடா வெட்டும் வைபவம் இல்லை.

கணினியை வாங்கி வைப்பதே நூலகத்தை நவீனமயமாக்குவது என்ற கருத்து ஒரு மயக்கம். அம்மயக்கம் தீங்கற்றதும் அன்று. அரச சேவைகள் ஒவ்வொன்றாக இணையவழிக்கு மாறிவரும் ஒரு நாட்டில், அவ்வழியிற் செல்லத் தெரியாதவர்களுக்கு அருகிருந்து உதவப் பயிற்றப்பட்ட பணியாளர் ஒருவர் ஊர்தோறும் இல்லாதிருப்பது, அம்மக்களின் உரிமைகளை அவர்களிடமிருந்து விலக்கி வைப்பதற்குச் சமமாகும். எனவே அடுத்த கணினியை வாங்குவதற்கு முன்னர், ஏற்கெனவே உள்ள பணியாளரைப் பயிற்றுதல் வேண்டும். இதுவே இக்கட்டுரை நிலைநாட்ட முயலும் வாதம்.

2

2022 ஆம் ஆண்டு யூலை மாதத்தை நினைவுகூர்தல் தகும். எரிபொருட் பற்றாக்குறை உச்சம் பெற்றிருந்த அக்காலத்தில், தேசிய எரிபொருள் அனுமதி என்னும் பெயரிற் கியூ.ஆர். குறியீட்டு முறை அறிமுகமாயிற்று. வாகனத்தின் இலக்கம், அதன் சட்டக இலக்கம், உரிமையாளரின் தேசிய அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை இணையத்திற் பதிந்து, கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை உட்செலுத்தினாலன்றிப் பெற்றோல் கிடையாது என்ற நிலை தோன்றியது. 2023 செப்ரெம்பரில் அம்முறை கைவிடப்பட்டது. எனினும், நாட்டின் பாமர மக்களுக்கு அது ஓர் உண்மையை உணர்த்திச் சென்றது. அரசாங்கத்தின் வாயில் இடம் மாறிவிட்டது. அது கச்சேரியிலோ பிரதேச செயலகத்திலோ மட்டும் இல்லை, கண்ணாடித் திரை ஒன்றின் பின்னாலும் இருக்கிறது.

அதன் முன்னும் பின்னும் நிகழ்ந்தவை இவ்வுண்மையை உறுதிப்படுத்துகின்றன. 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது கல்வி ஒரே நாளில் தொலைபேசித் திரைக்குள் புகுந்தது. அஸ்வெசும நலன்புரித் திட்டம் 2023 இல் நடைமுறைக்கு வந்தபோது, பட்டியலில் இடம்பெறாதோரின் மேன்முறையீடுகள் இணையவழியிலும் கோரப்பட்டன. அதே ஆண்டு யூன் மாதத்திற் கடவுச்சீட்டு விண்ணப்பங்களை இணையத்தில் அனுப்பி, தெரிந்தெடுக்கப்பட்ட பிரதேச செயலகங்களில் விரலடையாளம் பதியும் முறை தொடங்கப்பட்டது. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பமும் இணையவழியாகவே கோரப்படுகிறது. கற்கைநெறிகளை முன்னுரிமை ஒழுங்கில் நிரற்படுத்துவதில் நேரும் ஒரு சிறு தவறு, ஒரு மாணவியின் வாழ்க்கைத் துறையையே மாற்றிவிடக்கூடும். இச்சஞ்சிகையை வாசிக்கும் மாணவர்களுள் எத்தனை பேர் அவ்விண்ணப்பத்தைத் தாமே நிரப்பினர், எத்தனை பேர் பிறிதொருவரிடம் பணங்கொடுத்து நிரப்புவித்தனர் என்று தம்மைத் தாமே கேட்டுப் பார்க்கலாம்.

ஏனெனில் அந்தப் ‘பிறிதொருவர்’ எவர் என்பது யாவரும் அறிந்ததே. சந்திக்குச் சந்தி உள்ள ‘கொமினிகேஷன்’ கடைக்காரரே அவர். முற்காலத்திற் கச்சேரி வாயிலில் அமர்ந்து பெட்டிசம் எழுதிக் கொடுத்தோரின் இடத்தை இன்று அவர் பெற்றுள்ளார். அவரைக் குற்றங்கூறுவது இவ்விடத்து நோக்கமன்று. கடையை நம்பிக் குடும்பம் நடத்தும் அவர், தம் உழைப்புக்குக் கூலி பெறுகிறார். பல வேளைகளிற் பரிவோடும் உதவுகிறார். ஆயின் அவருடைய தொழிலின் இயல்பு யாது? வந்தவரின் வேலையை விரைந்து முடித்து அனுப்புவதே அது. வந்தவர் மறுமுறை தாமாகவே அதனைச் செய்யக் கற்றுக்கொண்டால், கடைக்காரர் ஒரு வாடிக்கையாளரை இழக்கிறார். கற்பித்தல் அவருக்கு நட்டம்.

இதன் விளைவுகள் நுண்மையானவை. விண்ணப்பதாரியிடம் மின்னஞ்சல் முகவரி இல்லாதவிடத்து, கடைக்காரரே ஒன்றைத் தோற்றுவித்துக் கொடுக்கிறார். அதன் கடவுச்சொல் கடைக் கணினியிலோ ஒரு துண்டுக் கடதாசியிலோ தங்கிவிடுகிறது. ஆறு மாதங்களின் பின்னர் அம்முகவரிக்கு வரும் நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு உரியவரை எட்டுவதில்லை. அடையாள அட்டையின் படம், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியன அந்நியர் ஒருவரின் கணினியில் எஞ்சிக் கிடக்கின்றன. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏட்டில் உள்ளது. தம் தரவு எங்கே கிடக்கிறது என்று அறியாதவருக்கு அச்சட்டம் எவ்வாறு துணைசெய்யும்?

மலையகப் பெருந்தோட்டங்களை நோக்கினால் இப்பிரச்சினையின் ஆழம் மேலும் புலப்படும். லயன் அறைகளில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குத் தமக்கெனத் தனியான தபால் முகவரி இல்லாதிருப்பதும், கடிதங்கள் தோட்ட நிர்வாகத்தின் ஊடாகவே வந்து சேர்வதும், அவ்வாறு வரும் கடிதங்கள் பிந்துவதும் நெடுங்காலமாகப் பேசப்பட்டுவரும் குறைகளாகும். அத்தகைய ஒரு தொழிலாளியின் மகளுக்கு மின்னஞ்சல் முகவரி என்பது வெறும் வசதியன்று. பரம்பரைகள் பலவற்றின் பின்னர் அக்குடும்பத்துக்கென்றே வாய்த்த முதலாவது முகவரி அதுவாக இருத்தல் கூடும். அம்முகவரியின் திறவுகோல் நகரத்துக் கடையொன்றில் இருக்குமாயின், தோட்ட அலுவலகத்தின் இடத்தை மற்றொரு மேசை பிடித்துக்கொண்டது என்பதன்றி அவள் நிலையில் மாற்றம் ஏதும் நிகழ்ந்துவிடவில்லை.

3

இத்தகைய தேவையை அரசு அறியாதிருந்தது என்று கூறுதல் பொருந்தாது. 2003 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் அமைக்கப்பட்டது. 2005 முதல் நெணசல எனப்படும் கிராமிய அறிவு நிலையங்கள் தோன்றலாயின. விகாரைகள், நூலகங்கள், சனசமூக நிலையங்கள் எனப் பல இடங்களில் அவை நிறுவப்பட்டன. 2014 இல் இத்திட்டத்துக்கு பில் அன்ட் மெலின்டா கேட்ஸ் மன்றத்தின் விருது பத்து இலட்சம் அமெரிக்க டொலர் பரிசுடன் கிடைத்தது. இவையெல்லாம் பாராட்டுக்குரியனவே.

எனினும் அத்திட்டத்தின் அடிப்படைக் கருத்து ஆராயத்தக்கது. தொடக்கத்தில் உதவுதொகை வழங்கப்படும். அதன்பின் நிலையங்கள் வருமானம் தேடித் தாமே நிலைபெற வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. அதாவது, வறியவர்க்குக் கற்பிக்கும் பணியை வறியவரிடமிருந்து பெறும் கட்டணத்தைக் கொண்டே நடத்தலாம் என்று கருதப்பட்டது. உதவுதொகை நின்றபின் நிலையங்கள் பல சோர்ந்து போயின என்பதில் வியப்பில்லை. கணினி எஞ்சியது, இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டது, நிலையத்தை நடத்திய இளைஞர் வேறு தொழில் தேடிச் சென்றார். அவரோடு அவர் பெற்றிருந்த பயிற்சியும் சென்றது. நிரந்தரமான நிறுவனம் ஒன்றில், நிரந்தரமான ஊழியர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படாத அறிவு இவ்வாறு கரைந்து போவது இயல்பு.

அந்த நிரந்தரமான நிறுவனம் புதிதாகத் தேடப்பட வேண்டியதொன்றன்று. மாநகர, நகர, பிரதேச சபைகளின் கீழ்ப் பொது நூலகங்கள் நாடெங்கும் பரந்துள்ளன. அவற்றுக்குக் கட்டடம் உண்டு, மின்சாரம் உண்டு, மாதச் சம்பளம் பெறும் ஊழியர் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ஊராரின் நம்பிக்கை உண்டு. ஒரு வயோதிபப் பெண் தனியே சென்று ஒரு மணிநேரம் அமர்ந்திருக்கக்கூடிய, பணம் கேட்கப்படாத, சாதியோ சமயமோ வினவப்படாத பொது இடம் ஒரு கிராமத்தில் வேறு யாது உள்ளது? கணினி பயிலும் இடமாக நூலகத்தினும் உகந்தது ஒன்று இல்லை.

வெளிநாட்டு அனுபவங்களும் இதனையே உணர்த்துகின்றன. சிலி நாட்டில் 2002 இல் ‘பிப்லியோறெடெஸ்’ என்னும் திட்டத்தின் கீழ்ப் பொது நூலகங்கள் இணையத்தோடு இணைக்கப்பட்டன. அங்கு நூலகப் பணியாளர் பயிற்றப்பட்டு, அவர்கள் வாயிலாக ஊர்மக்கள் பயிற்றப்பட்டனர். டென்மார்க்கில் 2014 நவம்பர் 1 முதல் அரசின் கடிதங்கள் யாவும் மின்வழியாகவே குடிமக்களுக்கு அனுப்பப்படும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. விசேட காரணமுள்ளோர்க்கே விலக்கு. செல்வமும் கல்வியும் மிக்க அந்நாட்டிலும், அம்மாற்றத்தின்போது பொது நூலகங்கள் வகுப்புகள் நடத்தி முதியோர்க்குத் துணை நிற்க வேண்டியிருந்தது. இலங்கையிலோ, தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆம் ஆண்டு அளவீட்டின்படி கணினி எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. தோட்டத் துறை ஏனைய துறைகளினும் மிகப் பின்தங்கியிருப்பதை அதே திணைக்களத்தின் அளவீடுகள் ஆண்டுதோறும் காட்டி வந்துள்ளன. டென்மார்க்குக்குத் தேவைப்பட்ட துணை இலங்கைக்குத் தேவையில்லை என்று வாதிடுவோர் எந்த நாட்டைக் கண்டு பேசுகின்றனரோ தெரியவில்லை.

4

இக்கருத்துக்கு எதிராகக் கூறப்படும் வாதங்கள் நான்கு. அவை ஒவ்வொன்றாக நோக்கப்படல் வேண்டும்.

முதலாவது, நூலகரின் மதிப்புப் பற்றியது. நூலகவியல் ஓர் அறிவுத்துறை; நூல்களைத் தெரிந்தெடுத்துப் பகுத்து ஒழுங்குபடுத்தும் புலமை நூலகருக்குரியது; படிவம் நிரப்பிக் கொடுப்பது எழுதுவினைஞரின் வேலை; அதனை நூலகர்மேற் சுமத்துவது அவர் தகைமையைக் குறைப்பதாகும் என்பர் சிலர். இவ்வாதம் நூலகவியலின் வரலாற்றையே மறந்த வாதம். இத்துறையின் மேதை எனக் கொண்டாடப்படும் சி. இரா. அரங்கநாதன் 1931 இற் சென்னையில் வெளியிட்ட ‘நூலகவியலின் ஐந்து விதிகள்’ என்னும் நூலின் சாரம் யாது? நூல் பேணப்படுவதற்காக அன்று, பயன்படுத்தப்படுவதற்காகவே உள்ளது என்பதும், வாசகரின் நேரம் மதிக்கப்பட வேண்டும் என்பதும், நூலகம் வளர்ந்து மாறும் உயிருக்கு ஒப்பானது என்பதும் அல்லவா? வாசகர் ஒவ்வொருவரையும் தனித்தனியே கவனித்து அவர் வேண்டியதைப் பெற உதவும் பணியே நூலகப் பணிகளுள் தலையாயது என அவர் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தினார். 1950 களில் யாழ்ப்பாணப் பொது நூலகம் திட்டமிடப்பட்டபோது ஆலோசனை வழங்கியவரும் அவரே. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, திரையின் முன் திகைத்து நிற்கும் வாசகரைக் கைவிடுதல் முரணாகும்.

யுனெஸ்கோவின் பொது நூலகப் பிரகடனமும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. 1949 இல் முதன்முதல் வெளியான அப்பிரகடனம் 1994 இல் திருத்தப்பட்டபோது, தகவலைத் தேடிப் பயன்படுத்தும் திறனையும் கணினி எழுத்தறிவையும் வளர்த்தல் பொது நூலகத்தின் பணிகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 2022 இல் மீண்டும் திருத்தப்பட்டபோது இக்கருத்து மேலும் வலுப்பெற்றது. ஆகவே இது நூலகருக்குப் புறத்தே இருந்து சுமத்தப்படும் வேலை அன்று. அவர் தொழிலின் வரைவிலக்கணத்துக்குள்ளேயே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வரும் கடமை.

இரண்டாவது வாதம், காலமே இதனைத் தீர்த்துவிடும் என்பது. இளையோர் யாவரிடமும் கைத்தொலைபேசி உண்டு. முதியோர் மறைந்ததும் பிரச்சினையும் மறைந்துவிடும் என்று இவர்கள் நம்புகின்றனர். மனிதாபிமானமற்ற இவ்வாதம் உண்மையும் அன்று. கைத்தொலைபேசியிற் காணொளி பார்ப்பதும் செய்தி அனுப்புவதும் ஒருவகைப் பழக்கம். ஒரு படிவத்தை வாசித்து விளங்கி, ஆவணத்தை உரிய அளவில் இணைத்து, தான் அனுப்பியதன் பிரதியைப் பாதுகாத்து, பொய்யான தளத்தை மெய்யானதிலிருந்து பிரித்தறிவது வேறொரு திறன். முன்னையது தானாக வரும்; பின்னையது கற்பித்தாலன்றி வாராது. நாளெல்லாம் தொலைபேசியை ஏந்தித் திரியும் இளைஞர் பலர், வெளிநாட்டு வேலை தருவதாகக் கூறும் போலி விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழப்பது இதற்குச் சான்று.

மூன்றாவது, நூல்கள் புறக்கணிக்கப்படும் என்ற அச்சம். இவ்வச்சம் நேர்மையானது, ஆதலால் மதித்து விடையிறுக்கத்தக்கது. நூலகம் படிவம் நிரப்பும் நிலையமாகத் தாழ்ந்துவிடலாகாது என்பது ஏற்கத்தக்கதே. ஆயின் இன்றைய நிலை யாது? உயர்தரப் பரீட்சை முடிந்தபின் நூலகத்தின் படியை மீண்டும் மிதியாதோர் தொகை பெரிது. தோட்டத் தொழிலாளர், கடற்றொழிலாளர், கூலி விவசாயிகள் ஆகியோரில் நூலக அங்கத்தவர் எத்தனை பேர்? தம் மேன்முறையீட்டை அனுப்ப வந்த ஒரு தாய், காத்திருக்கும் வேளையில் அன்றைய பத்திரிகையைப் புரட்டுவாள். அவளோடு வந்த பிள்ளை சிறுவர் பகுதியை எட்டிப் பார்க்கும். மேலும், இலங்கைத் தமிழரின் நூல்களும் சஞ்சிகைகளும் 2005 முதல் நூலகம் என்னும் இணையத்தளத்தில் எண்ணிம வடிவிற் சேர்க்கப்பட்டு வருகின்றன. அச்சில் இல்லாத ஈழத்து நூலொன்றை அங்குத் தேடி எடுத்துக் கொடுக்கத் தெரிந்த பணியாளர், நூலைப் புறக்கணிப்பவர் அல்லர். தம் நூலகத்தின் அலுமாரிகளைப் பன்மடங்கு பெருக்குபவர்.

நான்காவது வாதம் நிதி பற்றியது. சபைகளிடம் பணமில்லை என்பது மெய்யே. எனினும் கணினி வாங்கப் பணம் கிடைக்கிறது, நன்கொடையாகவும் கிடைக்கிறது. உறையிட்டு மூடப்பட்டு, ‘அனுமதியின்றித் தொடாதீர்’ என்ற அறிவித்தலோடு வைக்கப்பட்டிருக்கும் கணினிகளைக் காணாதோர் இல்லை. பொறியைப் பூட்டி வைப்பவரைக் கடிந்து பயனில்லை. பழுதானால் தம்மிடம் விளக்கங் கேட்கப்படும் என்று அஞ்சும் ஊழியர், தமக்கு யாரும் கற்பிக்காத பொறியைப் பூட்டி வைப்பதே அறிவுடைமை எனக் கருதுவார். பூட்டிக் கிடக்கும் கணினி ஒன்றின் விலையிற் சிறு பகுதியே அப்பணியாளரைச் சில நாட்களுக்குப் பயிற்சிக்கு அனுப்பப் போதும். ஆகவே குறைவது பணம் அன்று. பொறியைச் செல்வமாகவும் மனிதரைச் செலவாகவும் கருதும் கணக்கு முறையே இங்குத் தடையாக நிற்கிறது.

5

பயிற்சி என்ற சொல்லும் பலவகையாகப் பொருள் கொள்ளப்படுகின்றது. இருநாட் செயலமர்வு ஒன்றை நடத்தி, சொற்செயலியையும் விரிதாளையும் அறிமுகஞ்செய்து, சான்றிதழ் வழங்கிவிடுதல் பயிற்சியாகாது. நூலகப் பணியாளர் கணினி நிபுணராக வேண்டியதில்லை. அறியாதவர் ஒருவரின் அருகில் அமர்ந்து அவரை நாணச் செய்யாமல் உதவுபவராக அவர் ஆகவேண்டும். இதற்குத் தேவையானவை வேறு.

முதற்கண், கேட்கும் கலை. ‘ஒரு ஃபோம் நிரப்ப வேணும்’ என்று வருபவர் உண்மையில் வேண்டுவது யாது என்பதைப் பொறுமையாகக் கேட்டறிதல் நூலகவியலார் நெடுங்காலமாகப் பயின்றுவந்த உசாத்துணைப் பணியின் உயிராகும். அடுத்து, கையை விலக்கிக்கொள்ளும் கலை. சுட்டியும் விசைப்பலகையும் வந்தவரின் கையிலேயே இருத்தல் வேண்டும். பணியாளர் சொல்ல, அவரே செய்தல் வேண்டும். இதற்கு இருமடங்கு நேரம் பிடிக்கும். ஆயின் மறுமுறை அரைவாசி நேரமே பிடிக்கும். மூன்றாம் முறை அவர் தம் அயலாருக்குக் கற்பிப்பார். கடைக்கும் நூலகத்துக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்திலேயே தங்கியுள்ளது.

மூன்றாவதாக, தமிழ். அரச இணையத்தளங்களிற் பல, தமிழ்ப் பக்கத்தைக் குறையாகவோ பிழையாகவோ கொண்டுள்ளன. தமிழ் 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தால் அரசகரும மொழியாயிற்று என்ற செய்தி, ஆங்கிலத்தில் மட்டும் தோன்றும் எச்சரிக்கை வாசகத்தின் முன் திகைத்து நிற்பவருக்கு ஆறுதல் தராது. இதனோடு எழுத்துருக் குழப்பமும் சேர்கிறது. பாமினி எழுத்துருவிற் பழகிய ஒருவர் தட்டச்சுச் செய்த தமிழ்க் கடிதம், இணையப் படிவத்தில் ஒட்டப்பட்டவுடன் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாக மாறிவிடுகிறது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்தமைத்த எழுத்துரு. ஒருங்குறியோ தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி எண்களை வகுத்தது. இவ்வேறுபாட்டை அரைமணி நேரத்தில் விளக்கிவிடலாம். அதனை விளக்குவார் இன்மையால் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனையோ!

நான்காவதாக, இரகசியம் பேணல். வெளியேறுமுன் கணக்கை மூடுதல், அடையாள அட்டையின் படத்தைக் கணினியிலிருந்து அழித்தல், கடவுச்சொல்லை வந்தவரின் கையாலேயே அவர் குறிப்பேட்டில் எழுதச் செய்தல், ஒருவர் எதற்காக வந்தார் என்பதை மற்றவருக்கு உரையாதிருத்தல் ஆகியன எழுத்து மூலமான விதிகளாக வகுக்கப்பட வேண்டும். பணியாளர் எதனைச் செய்யலாகாது என்பதும் அவ்விதிகளில் இடம்பெறல் வேண்டும். சட்ட ஆலோசனை கூறுதல், பிறருக்காகக் கையொப்பமிடுதல், வங்கிக் கணக்கை இயக்குதல் ஆகியன அவர் எல்லைக்கு அப்பாற்பட்டவை. ஐந்தாவதாக, வலுக்குறைந்தோர் பற்றிய அறிவு. திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் ‘என்.வி.டி.ஏ.’ போன்ற செய்நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, தமிழையும் வாசிக்கின்றன. இதனை அறிந்த ஒரு பணியாளர் பார்வையிழந்த ஒரு மாணவருக்கு ஒரு பல்கலைக்கழகத்தையே திறந்துவிட முடியும்.

இப்பயிற்சியை வழங்கக்கூடிய நிறுவனங்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. 1960 இல் தோன்றிய இலங்கை நூலகச் சங்கம் பல தலைமுறை நூலகப் பணியாளரைப் பயிற்றுவித்துள்ளது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1999 இல் நிறுவப்பட்ட தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம் உண்டு. இவை பாடத்திட்டத்தின் ஓரத்தில் வைத்துள்ள இப்பொருளை நடுவுக்குக் கொணர்தல் வேண்டும். 2025 மே மாதத் தேர்தலின் பின் பதவியேற்ற உள்ளூராட்சிச் சபைகள், இவ்வுதவிக்கெனக் கிழமையிற் சில மணிநேரத்தைப் பணியாளரின் கடமைப் பட்டியலில் எழுத்திற் சேர்த்தல் வேண்டும். நேரம் ஒதுக்காமற் கடமையைச் சுமத்துவது ஏமாற்று. தரமுயர்வில் அதனைக் கணக்கிற் கொள்ளாதது அதனினும் பெரிய ஏமாற்று.

பல்கலைக்கழகத்தாரும் இக்குற்றத்திலிருந்து விலகி நிற்க இயலாது. சமூகத்தோடு பல்கலைக்கழகத்துக்குள்ள உறவு பற்றிக் கருத்தரங்குகள் நடத்தப்படுகின்றன, கட்டுரைகள் எழுதப்படுகின்றன. ஆயின் ஒரு பிரதேச சபை நூலகப் பணியாளர் தம் மேசையில் வைத்துப் பார்க்கத்தக்க, எளிய தமிழில் எழுதப்பட்ட ஒரு கைந்நூலைத் தயாரிக்க எந்தத் துறை முன்வந்தது? கலைச்சொல்லாக்கம் பற்றி நீண்ட விவாதம் நிகழ்த்தும் தமிழறிஞர், ‘அப்லோட்’ என்பதை ஒரு தோட்டத் தொழிலாளிக்கு எவ்வாறு விளக்குவது என்று சிந்தித்ததுண்டா? நாட்டின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வந்து கற்கும் மாணவர் தத்தம் ஊர் நூலகத்தில் விடுமுறை நாட்களிற் பத்து நாள் பணியாளரின் அருகிருந்து உதவினால், அது ஆண்டுவிழா மேடைகளில் நிகழ்த்தப்படும் சொற்பொழிவுகள் பலவற்றினும் பயனுடையதாகும். ஆயின் அவர்கள் பணியாளரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது. பத்து நாளிற் சென்றுவிடும் மாணவரினும் பதினைந்து ஆண்டுகள் அங்கேயே இருக்கப்போகும் பணியாளரே முக்கியமானவர்.

6

ஊர்ப்புற வாசிகசாலைகளில் எழுத்தறிந்த ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்ட காலம் ஒன்றிருந்தது. எழுத்தறியாதோர் உலகச் செய்தியை அறிந்ததும், தம் நிலை பற்றிச் சிந்திக்கத் தலைப்பட்டதும் அத்திண்ணைகளிலேயே. வாசித்தவர் அதற்குக் கூலி கேட்கவில்லை. கேட்டோரின் பிள்ளைகள் பின்னர்த் தாமே வாசிக்கத் தொடங்கினர். புதிய எழுத்தறிவுக்கும் அத்தகைய திண்ணை ஒன்று வேண்டும். இம்முறை அது தொண்டரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிராமல், பயிற்சியும் நேரமும் ஊதியமும் பெற்ற பணியாளர் ஒருவரைக் கொண்டிருத்தல் வேண்டும்.

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அந்நிகழ்வை நினைவுகூராத தமிழ்ச் சஞ்சிகை இல்லை. அந்நினைவு பேணப்படவேண்டியதே. எனினும் எரிந்த நூலகத்துக்காகக் கண்ணீர் விடும் சமூகம், திறந்திருக்கும் நூலகத்தின் பணியாளரை மறந்திருப்பது பொருந்துமா? நூலகத்தை இழத்தல் என்பது தீயினால் மட்டும் நிகழ்வதன்று. வாயிலிற் காலை முதல் காத்திருந்த ஒருத்தி, ‘இங்கே அதெல்லாம் செய்வதில்லை, சந்தியிலுள்ள கடைக்குப் போங்கள்’ என்ற விடையோடு திரும்பிச் செல்லும் ஒவ்வொரு நாளும் அது நிகழ்கிறது. அவ்வாறு சொல்லும் பணியாளர் கொடியவர் அல்லர், கற்பிக்கப்படாதவர். அவருக்குக் கற்பிக்க வேண்டிய கடமை எவருக்குரியதோ, குற்றமும் அவர்களுக்கே உரியது.